வேலூர் வாய்க்காலில் நீல நண்டு கிடைக்குமா?

கேள்வி: நீல நண்டு பிடிக்க ஆசை. பரமத்தி வேலூர்க்காரன் நான் எங்கே போவது?

பதில்: மண்டபம், பாம்பன் பக்கம் போங்கள். எவ்வளவு கூப்பிட்டாலும் அது காவிரிக்கு வராது, உப்புத் தண்ணீர்ப் பிராணி. கண்ணைப் பறிக்கும் நீலமெல்லாம் ஆணுக்குத்தான். பெண் மங்கிய பழுப்பு. குழம்புச் சட்டியில் ஏறினால் இருவரும் ஒரே சிவப்பு! வயிற்றடியில் முட்டைக் கொத்தோடு வரும் சினை நண்டை மட்டும் அந்த இடத்திலேயே கடலில் விட்டுவிடுங்கள். ஒரு தாயிடம் லட்சக்கணக்கில் முட்டை இருக்கிறது.

அதுவரை நம்ம ஊர் வயல் நண்டு இருக்கவே இருக்கிறது. ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ராஜவாய்க்கால் பாசனத்து வரப்புகளில் வளை தேடுங்கள். இதன் குஞ்சுகள் தாயின் வயிற்று மடிப்பிலேயே பொரிந்து, முழு நண்டு உருவத்தோடுதான் வெளியே இறங்கும். வளைக்குள் வெறுங்கையை விடாதீர்கள். உள்ளே பாம்பு குடியிருக்கலாம். பூச்சிமருந்து அடித்த வயல் வேண்டவே வேண்டாம். அரைவேக்காடும் ஆகாது: நன்னீர் நண்டில் நுரையீரல் புழு இருக்கக்கூடும், காசநோய் போலவே இருமலில் ரத்தம் வரவைக்கும். இடித்துச் சாறெடுத்து, மிளகு தட்டிப்போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்ட நண்டு ரசத்துக்கு ஈடாக எந்தக் கடல் நண்டையும் நான் சொல்லமாட்டேன்.