எடை கூடும் யோகம்

உடற்பயிற்சி தொடங்கிய வாரத்திலேயே எடை ஏறினால் கலங்கத் தேவையில்லை. அறிவியல் நம் கட்சி. பழக்கமில்லாத தசைகள் வீங்கி நீரைப் பிடித்துவைக்கும்; ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேரும். ஆகவே ஏறியது கொழுப்பல்ல, தண்ணீர். ஆறு மாதமாக ஏறுவதும் தண்ணீர்தானா என்பவர்கள் விதண்டாவாதிகள். மெரினாவில் அரை மணி நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகிறது. திரும்பும் வழியில் இரண்டு மெதுவடை, ஒரு பில்டர் காபி என்று அதை உடனே, கொஞ்சம் வட்டியோடு, அடைத்துவிடுவதுதான் நாணயம். இரவில் சோற்றைத் துறந்த தியாகம் வேறு. எட்டுச் சப்பாத்தி ஆனாலும் அது சோறாகிவிடுமா? முறையே தவறு என்பவர்களுக்குப் பலனையே காட்டலாம்: கூடவே ஓடிவரும் நாய் நன்றாக இளைத்திருக்கிறது. பாவம், அதற்கு டயட் பற்றி யாரும் சொல்லவில்லை.