எட்டி உதைத்தல்

உயர உதை என்பது நின்றபடியே ஒரு காலை வீசி எதிராளியின் கழுத்துக்கு மேலே அடிப்பது. இதற்கு இரண்டு கால்கள் தேவை. ஒன்று மேலே போகும். மற்றொன்று அதன் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கீழே நிற்கும். தற்காப்புக் கலை வகுப்புகளின் விளம்பரப் பலகைகளில் இந்த உதைக்குத்தான் முதல் மரியாதை. இருட்டில் ஒருவன் வழிமறித்தால் இது உதவுமா என்பது வேறு கேள்வி.

முதலில் தூரக் கணக்கு. தரையிலிருந்து எதிராளியின் முழங்கால் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம், தாடை ஐந்தடி. அவ்வளவு தூரம் கால் பயணம் செய்யும்போது அது கிளம்பிய சேதி அவன் கண்ணுக்கு எட்டிவிடும். கண்டதும் அசைவதற்கு மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 வினாடி போதும். பின்தொடைத் தசையோ சூடேறாமல் நீளாது. பத்து நிமிடம் குனிந்து நிமிர்ந்து தயாராகும்வரை எந்த வழிப்பறிக்காரனும் காத்திருப்பதில்லை. சாதகமான அம்சமும் உண்டு. கால், கையைவிட நீளம், கனம். தலையில் சரியாக விழுந்தால் பேச்சுவார்த்தைக்கு வேலையில்லை.

அடுத்தது தரை. மலாக்காவிலிருந்து மூவார் போகும் 5ஆம் எண் சாலையில் உள்ள கடலோர ஊர் உம்பாய். சுட்ட மீனுக்குப் பேர்போன இவ்வூரின் கடைத்தரையில் மீன் கழுவிய தண்ணீரும் ஐஸ் உருகிய தண்ணீரும் கலந்து நிற்கும். இரண்டு காலில் நடப்பவரே அங்கே மேசையைப் பிடித்துக்கொள்வார். மெர்லிமாவ் பக்கத்துச் செம்பனைக் காடுகளில் வெட்டிப்போட்ட மட்டைகள் முள்ளோடு கிடக்கும்; உதிர்ந்த பழங்கள் எண்ணெய் தடவிய கோலிக்குண்டுகளாகக் காலடியில் உருளும். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் இரண்டு கடைகளுக்கு நடுவே காலை வீசினால், எதிராளியின் தாடைக்குப் போக வேண்டிய உதை அப்பம் பாலிக் கல்லில் போய் இறங்கும்.

உடுப்பும் கணக்கில் வரும். கைலி என்பது மூட்டித் தைத்த உருளை. அதற்குள் கால்கள் எவ்வளவு விலகலாம் என்பதை முன்பே தையல்காரர் முடிவு செய்துவிட்டார். மடித்துக் கட்டினால் இடம் கிடைக்கும். ஆனால் மடிக்க இரு கைகளும் வேண்டும், அந்த நேரத்தில் முகத்தைக் காக்க ஆளில்லை. மடித்த பிறகு எழுவது மானப் பிரச்சினை. தமிழர் இதை எப்போதோ யோசித்திருக்கிறார்கள். 'வரிந்து கட்டிக்கொண்டு' என்ற பிறகுதான் 'சண்டைக்குப் போனான்' என்பார்கள். காலில் சிலிப்பர் இருந்தால், உதை எட்டாத இடத்துக்கும் அது எட்டும்.

இப்படிப்பட்ட உதை எங்கிருந்து இவ்வளவு பேர் வாங்கியது? பெரும்பங்கு தேக்வாண்டோவுக்கு. 1962-இல் மலாயாவுக்குத் தென்கொரியத் தூதராக வந்த ஜெனரல் சோய் ஹோங் ஹி, அரசாங்க வேலையோடு இந்தக் கலையையும் இங்கே ஊன்றினார். 2000-இல் சிட்னியில் அது ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது. போட்டி விதிப்படி உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று தலையில் உதைத்தால் 5. முகத்தில் குத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே உதைத்தால் தண்டனை. தெருவில் எளிதாகப் பலிக்கும் இரண்டும் அங்கே குற்றம். தெருவில் அரிதானதற்கு அங்கே அதிக விலை.

மண்ணின் கலைகள் தரையைவிட்டு அதிகம் பிரிவதில்லை. மலாய் சிலாட்டில் 'சாப்புவான்' என்ற உத்தி உண்டு. 'சாப்பு' என்றால் கூட்டுதல். குப்பையைக் கூட்டுவதுபோல் எதிராளியின் நிற்கும் காலைக் கூட்டித் தள்ளிவிடுவது. ஒரு காலைத் தூக்கியவன் இதற்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தவன் ஆகிறான். சிலம்பத்தில் கம்பைச் சுற்றுவதற்கு முன் காலடிப் பாடம் நடக்கும். கம்பு ஆளின் புருவ உயரம். இரண்டு காலும் தரையில் இருக்கும்போதே எதிராளியின் தலையைத் தட்டிவிட்டு வரலாம் என்பதால், உயர உதையின் தேவையே அங்கே எழுவதில்லை. துரோகத்துக்குத் தமிழ் வைத்த பெயரும் 'காலை வாரிவிடுதல்'தான்.

சான்றுகள் இரு பக்கமும் உண்டு. 1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை வென்ற முகமது அலி, அடுத்த ஆண்டு ஜூன் 26-இல் தோக்கியோவில் மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோக்கியைச் சந்தித்தார். இனோக்கி பெரும்பாலும் மல்லாந்து படுத்துக்கொண்டு, 15 சுற்றும் அலியின் காலையே உதைத்தார். ஆட்டம் சமன், அலியின் கால் வீங்கி மருத்துவமனை போனது. மறுபக்கம், 2015 நவம்பரில் மெல்பர்னில் நடந்த கூண்டுச் சண்டையில் ஹோலி ஹோம், அதுவரை தோற்காத ரோண்டா ரௌசியைத் தலைக்கு விட்ட ஒரே உதையில் சாய்த்தார். அங்கே தரை காய்ந்திருந்தது, நடுவர் இருந்தார், யாரும் கைலி கட்டியிருக்கவில்லை.

தமிழர் அறிந்த மிகப் புகழ்பெற்ற உயர்ந்த கால் திருவாலங்காட்டில் உள்ளது. அங்கே நடந்த நடனப் போட்டியில் சிவன் காலைச் செங்குத்தாகத் தூக்க, காளி நாணி ஒதுங்கினாள் என்பது தலபுராணம். வெற்றியைத் தந்தது எதிராளியின் நாணம். வழிப்பறிக்காரனிடம் அதை எதிர்பார்க்க இயலாது. மலாக்காவின் நினைவோ கசப்பானது. சுல்தான் மன்சூர் ஷா காலத்தில், தலைமை அமைச்சரான பெண்டஹாரா துன் பேராக்கின் மகன் துன் பெசார் உதைத்த பிரம்புப் பந்து, அவ்வழியே வந்த இளவரசர் ராஜா முகமதுவின் தலைப்பாகையைத் தட்டிவிட்டதாகச் 'செஜாரா மெலாயு' என்ற பழைய வரலாற்று நூல் கூறுகிறது. உதைத்தவர் உயிரிழந்தார், இளவரசர் மலாக்காவின் அரியணையை இழந்து பகாங்கை ஆளப் போனார். பந்தை அனுப்பியதற்கே இந்த விலை.

ஆக, உயர உதையைப் பழகுவதில் தவறில்லை. இடுப்பு இளகும், சமநிலை கூடும், திருவிழாவில் கைதட்டல் கிடைக்கும். தெருவில் காலை உயர்த்த வேண்டுமென்றால் எதிராளியின் முழங்காலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 99ஆம் பிரிவும் அளவோடு இருக்கச் சொல்கிறது: காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அடிக்கும் உரிமையே இல்லை. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தும் முறைக்கு ஓட்டம் என்று பெயர். அதற்கும் இரண்டு கால்கள் தேவை. சிலிப்பரைக் கையில் எடுத்துக்கொள்வது வழக்கம்.