மாவட்டத்துக்கு ஒரே ஒரு டீக்கடை

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. கலெக்டர் வந்தார், எஸ்பி வந்தார். பின்னாலேயே பிராஞ்சைஸ் விற்பவர்களும் வந்தார்கள். "உங்க மாவட்டத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு, நாளைக்குக் கேட்டா இருக்காது." டீக்கடையாம். பெயருக்கு ஒரு தொகை, அலங்காரத்துக்கு ஒரு தொகை, மாதாமாதம் ராயல்டி, அதன் தலையில் ஜிஎஸ்டி. டீத்தூளும் அவர்களிடம்தான் வாங்கவேண்டும். நஷ்டம் மட்டும் நம் சொந்தத் தயாரிப்பு.

"கல்வராயன் மலையையும் சேர்த்தே எழுதித் தர்றோம்" என்பது கூடுதல் சலுகை. மலைக்கு இது புதிதல்ல. மூன்று ஜாகிர்தார்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டு, 1970கள் வரை மலைவாழ் மக்களிடம் வரியும் கூலியில்லா உழைப்பும் வாங்கினார்கள். ஏரியா உரிமை என்றால் அதுவல்லவா ஏரியா உரிமை! அந்த மலையிலுள்ள வெள்ளிமலை ஊர்க்காரர் தன் தேனுக்கும் கடுக்காய்க்கும் ராயல்டி கேட்டால் மட்டும் நமக்குச் சிரிப்பு வரும்.

அமெரிக்காவில் பிராஞ்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கு 14 நாள் முன்பே விவரமெல்லாம் அடங்கிய ஆவணத்தைத் தந்தாகவேண்டும். இந்தியாவில் இதற்கென்று தனிச்சட்டமே கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் துணை. ஆகவே முன்பணம் கட்டுமுன், ஏற்கெனவே கடை எடுத்த ஒருவரைச் சாயங்காலம் 5 மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் உங்களோடு உட்கார்ந்து பேச அவருக்கு அவகாசம் இருந்தால், பணத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.