வெள்ளிக்கிழமை வாரர்

வா ராசா, இப்படி வெயில்ல உக்காரு. குன்னூர்ல வெயில் அடிக்கிறப்பவே காய்ஞ்சுக்கணும், அப்புறம் கேட்டா கிடைக்காது. முகம் ஏன் தொங்கிக் கிடக்கு? எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில போயி "ஒன் வாரர் பாட்டில்"னு கேட்டியாம். கடைக்காரர் உன்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "வாரமா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை தம்பி"ன்னாராம். நீ ஏறின பஸ் வந்து சேர்றதுக்கு முன்னாடியே கதை எஸ்டேட் லயத்துக்கு வந்துருச்சு.

கோயமுத்தூர்ல ஏதோ ஒரு சென்டர்ல மூணு மாசம் பணம் கட்டி அமெரிக்கா இங்கிலீஷ் கத்துக்கிட்ட. தப்பில்ல. கட்டின பணத்துக்கு அதை எங்கயாவது எடுத்து விடணும்னு தோணுறதும் தப்பில்ல. ஆனா தண்ணி கேக்கத் தாகம் போதுமே ராசா, அமெரிக்கா எதுக்கு?

கோவிச்சுக்காத. நானும் இதே மாதிரி முழிச்சவன்தான். 1964-ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் டெல்லியில உக்காந்து கையெழுத்துப் போட்டாங்க. சிலோன்லேர்ந்து 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும்னு பேச்சு. அந்தக் கணக்குல நானும் ஒரு தலை. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் கேம்புல படுத்துக் கிடந்து, கடைசியா கோத்தகிரிக்கு வந்து சேந்தேன். வந்த மூணாம் நாள் ஒரு பேக்கரியில போயி "ஒரு றாத்தல் பாண் தாங்க"ன்னேன். கடைக்காரர் எதுத்தாப்புல இருந்த பீடா கடையைக் கை காட்டினார். சிலோன்ல ரொட்டிக்குப் பாண்னு பேருன்னு அவருக்குத் தெரியல. அவர் கைக்குப் பின்னாடியே அடுக்கி வெச்சிருக்கிற ரொட்டியை எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. கேட்டது தமிழ்ல, கேட்ட இடம் தமிழ்நாடு, கிடைச்ச பேரு "சிலோன்காரன்". அந்தப் பேரு இன்னைக்கும் தேயலை.

அப்புறம் எஸ்டேட் பங்களாவுல குசினி வேலை. வெள்ளைத்துரைங்க பெரும்பாலும் போயாச்சு, நம்மூர் துரைதான். ஆனா வெள்ளைக்காரர் போறப்ப தன் பேச்சை அலமாரியில வெச்சுப் பூட்டி, சாவியை இவர் கையில குடுத்துட்டுப் போயிருந்தார். முதல் வாரம், குளிக்கிற அறைக்குள்ளேர்ந்து துரை சோப் கேட்டார். என் காதுல சூப்னு விழுந்துச்சு. கோழி சூப்பை ட்ரேயில வெச்சு, மிளகுத்தூள் டப்பாவோட கதவுகிட்ட நின்னேன். கதவு ஒரு சாண் திறந்துச்சு. ஈரக்கை ஒண்ணு நீண்டுச்சு. நேரா கிண்ணத்துக்குள்ள போச்சு. அப்ப துரை வாயிலேர்ந்து வந்தது பாரு, சுத்தமான தமிழ்! அதுல நாலு வார்த்தை எனக்கே புதுசு. ஆளோட அசல் பாஷை சுட்டாத்தான் வெளிய வரும்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

பங்களாவுல ஒரு போன் உண்டு. ஸ்டவ்வுக்குத் திரி வேணும்னு டவுன் கடைக்கு என் குரல்ல கேட்டா, "ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் பாரு"ம்பாங்க. துரை இல்லாத ஒரு மத்தியானம் தொண்டையைச் செருமி, வாயில உருளைக்கிழங்கை அதக்கின மாதிரி வெச்சுக்கிட்டு, அவர் குரல்லயே கேட்டேன். அரைமணி நேரத்துல ஜீப்புல வந்து எறங்குச்சு. அதே கடை, அதே திரி, கேட்டதும் அதே ஆளுதான்.

உங்க அக்கா காலேஜ்ல மொழியியல் படிச்சாளே, அவகிட்ட இதைச் சொன்னேன். "தாத்தா, இதைத்தான் லாம்பெர்ட்னு ஒருத்தர் கனடாவுல ஆராய்ச்சியாப் பண்ணி 1960-ல வெளியிட்டார்"னா. மான்ட்ரியல்ல ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளை ஒரு தடவை இங்கிலீஷ்லயும் ஒரு தடவை பிரெஞ்சுலயும் படிக்க வெச்சுப் பதிவு பண்ணி, வேற வேற ஆளுன்னு நம்ப வெச்சு மாணவங்களுக்குப் போட்டாராம். இங்கிலீஷ்ல படிச்சப்ப அதே ஆளு அதிக புத்திசாலியாம், உயரமாம், அழகாம். பிரெஞ்சை வீட்டுல பேசுற பசங்களும் இங்கிலீஷ் குரலுக்குத்தான் மார்க்கை அள்ளிப் போட்டாங்களாம். குரலைக் கேட்டு ஆளோட உயரத்தை அளக்குற காதைப் பாத்தியா! எஸ்டேட்ல தராசுல கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை கூட அப்படித் துணிஞ்சு ஏத்தி எழுத மாட்டார்.

இன்னொண்ணும் சொன்னா. அமெரிக்காவுல ரூபின்னு ஒரு புரபசர், 1992-ல வந்த ஆராய்ச்சி. ஒஹையோக்காரப் பொண்ணு ஒருத்தி பேசிப் பதிவு பண்ணின பாடம். அதே பாடத்தை ஒரு கூட்டத்துக்கு வெள்ளைக்காரப் பொண்ணு படத்தைக் காட்டிப் போட்டார், இன்னொரு கூட்டத்துக்கு ஆசியப் பொண்ணு படத்தைக் காட்டிப் போட்டார். ஆசிய முகத்தைப் பாத்தவங்களுக்கு உச்சரிப்புல வெளியூர் வாடை அடிச்சுதாம், பாடமும் சரியா ஏறலையாம். காது கேக்கறதுக்குள்ள கண்ணு மார்க் போட்டு முடிச்சுருது ராசா. நீ மூணு மாசமா நாக்கைச் செதுக்கிட்டு வந்திருக்க. மூஞ்சியை என்ன பண்றதா உத்தேசம்?

இந்த மலையில எத்தனை நாக்கு சுளுக்கியிருக்கு தெரியுமா? 1821-ல ஒருத்தர் சென்னைப் பத்திரிகைக்கு எழுதின கடிதத்துல ஊட்டிக்கு வெச்ச பேரு "வோட்டோக்கிமண்டு". அவரை யாராவது ஸ்போக்கன் தமிழ் கிளாஸுக்கு அனுப்பினாங்களா? அப்புறம் ஊட்டக்கமண்ட்னாங்க, அதையும் நறுக்கி ஊட்டின்னாங்க. இன்னைக்கு போர்டுல உதகமண்டலம்னு எழுதியிருக்கு, பஸ் வாசல்ல "ஊட்டி, ஊட்டி"ன்னுதான் கூப்பிடுறாங்க. சோலைன்னு நம்மாளு சொன்னதை "ஷோலா"ன்னு எழுதினாங்க. இப்ப காட்டைப் பத்திப் பேச வர்ற நம்ம புள்ளைங்களும் "ஷோலாக் காடு"ங்குது. சீமைக்காரர் மென்னு துப்பின சோலையை நாம பொறுக்கி பிரேம் போட்டு மாட்டிட்டோம்.

நாமளும் சும்மா இருக்கல. ஊட்டியில கலெக்டர் சல்லிவன் கட்டின ஸ்டோன் ஹவுஸ் இங்கத்த சனத்துக்குக் கல் பங்களா. கண்டிச் சீமையில பரேடைப் பெரட்டிப் "பெரட்டு"ன்னு ஆக்கினோம். விடியக்காலம் பெரட்டுக்களத்துல பேர் குடுக்காம எவளும் மலைக்கு ஏற முடியாது. ஆனா சீமைக்காரர் உடைச்ச வார்த்தை மேப்புல ஏறுச்சு, நாம உடைச்சது கேலிப் பேச்சுல ஏறுச்சு.

எங்க பட்லர் இங்கிலீஷுக்கு வந்த மரியாதையைக் கேளு. 1886-ல யூலும் பர்னெலும் போட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில எங்களுக்குன்னு ஒரு பத்தி உண்டு. சென்னை ராஜதானி வேலைக்காரங்க "ஐ டெல்லிங்"னா சொல்லப்போறேன்னு அர்த்தமாம், "ஐ டன் டெல்"னா சொல்லிட்டேனாம், "ஃபேமிலி"ன்னா பொண்டாட்டியாம். ஏன் சிரிக்கிற? போன வாரம் ஒரு கல்யாணத்துல உங்கப்பன் "ஃபேமிலி வரலையா?"ன்னு கேட்டானே, அவன் என்ன தாத்தா பாட்டியையா கேட்டான்? இதுல பெரிய வேடிக்கை, துரைமாரும் வேலைக்காரங்ககிட்ட அதே இங்கிலீஷ்லதான் பேசினாங்கன்னு அந்தப் புத்தகமே ஒத்துக்குது. அந்த அகராதி பேரே ஒரு தப்பு உச்சரிப்பு. மொகரத்துல "யா ஹசன், யா ஹுசேன்"னு கூவினது வெள்ளைச் சிப்பாய் காதுல அப்படி விழுந்துச்சு. தன் நாக்கு இடறினதைத் தலைப்பா வெச்சுக்கிட்டு, உள்ள நம்ம நாக்கைத் திருத்தியிருக்காங்க.

அசல் இங்கிலீஷ்னு ஒண்ணு சீமையில உக்காந்திருக்குன்னு நினைக்கிறியா? சிலோன்ல 1867-ல தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். தோட்டத்துரைங்கள்ல நிறையப் பேர் அந்த ஊர்தான். அவங்க பேச்சும் லண்டன் பேச்சும் ஒண்ணில்ல. 1941-ல பிபிசி வில்பிரட் பிக்கிள்ஸ்னு ஒரு யார்க்ஷயர்காரரைச் செய்தி வாசிக்க விட்டுச்சு. அவர் ஊர் வழக்கப்படி "குட் நைட்"டை "குட் நீட்"னார். கேட்டவங்க பலர் குதிச்சாங்க. நாட்டு மேல குண்டு விழுந்துக்கிட்டிருக்கு, இவங்க நீட்டை எதுத்துக் கடிதம் எழுதியிருக்காங்க. நீட்டுக்கு எதிர்ப்பு நம்ம ஊர்லதான் ஆரம்பிச்சதுன்னு யாரும் பீத்திக்க வேண்டாம்.

அப்ப உச்சரிப்பே வேண்டாமான்னு கேப்ப. வேணும், அடுத்தவனுக்குப் புரியற அளவுக்கு வேணும். புரியலைன்னா "எஸ் சார்"னு தலையாட்டாத, சூப்பை நினைச்சுக்கோ. வேகமாப் பேசினா இங்கிலீஷ் ஆயிடாது, நிறுத்திப் பேசு. எண்ணா இருந்தா ரெண்டு தடவை சொல்லு. தர்ட்டீன் கட்லெட்னு துரை சொன்னதைத் தர்ட்டின்னு கேட்டு முப்பது பொரிச்சவன் நான். மிச்சம் பதினேழும் லயத்துக்கு வந்துச்சு. அதனால அந்த ஒரு தப்பை மட்டும் கடைசி வரைக்கும் திருத்திக்கல.

சந்தேகம்னா மார்க்கெட்டுல கேரட் விக்கிற அக்காகிட்ட போய் நில்லு. வெலிங்டன் ராணுவக் காலேஜுக்கு நாடு நாடா ஆபீசருங்க படிக்க வர்றாங்க. ஆப்பிரிக்கா ஆபீசர் ஒரு ராகத்துல "ஹவ் மச்"ம்பார், நேபாள ஆபீசர் இன்னொரு ராகத்துல கேப்பார். அக்காவுக்கு ஒரே ராகம்: "சிக்ஸ்டி சார், ஊட்டி கேரட் சார், ஸ்வீட்டு சார்." சொல்லிக்கிட்டே ஒரு கேரட்டைப் பட்டுனு ஒடிச்சு நீட்டுவா. அவ சொன்னது புரியலைன்னு இதுவரை எந்த நாட்டுப் பட்டாளமும் திரும்பினதில்ல. பேரத்துல ஜெயிச்சுத் திரும்பினதும் இல்ல.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, எந்திரிக்காத. காலையில மூட்டையோட போன ஜார்க்கண்டுப் பையன் பேசின தமிழைக் கேட்டு நீ வாயைப் பொத்திச் சிரிச்சத நான் பாத்தேன். பீடா கடைப் பக்கம் நீண்ட அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்துச்சு. அவன் என்ன சொன்னான்? "தாத்தா, கொழுந்து நல்லா இருக்குது." அந்த ழகரம் எப்படி விழுந்துச்சு, கவனிச்சியா? வந்து எட்டு மாசம்தான். நேத்து சோத்துல கை வெச்சுக்கிட்டு நீ என்ன கேட்ட? "கொளுந்து கிலோ என்ன வெலை?"

உங்க அக்கா ஒரு ரகசியம் சொன்னா. உன் வாரர் கடைசியில உருளுதே ஒரு அமெரிக்கா "ர்", நாக்கு நுனியைத் தூக்கி, மேல ஒட்டாம உள்ள வளைக்கிறது, அதுக்கும் நம்ம ழகரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே வளைவாம். உங்க பாட்டி தூளி ஆட்டறப்பவே ஓசியில குடுத்ததை, நீ மூணு மாசம் பீஸ் கட்டி ரசீதோட வாங்கியிருக்க. போகட்டும், வாங்கின சரக்கை வீணாக்கக் கூடாது. நாக்கை அப்படியே வளைச்ச மேனிக்கு வெச்சுக்க. "கொழுந்து" சொல்லு பாப்போம்.

ம். இன்னொரு தடவை.

வந்துருச்சு பாரு. இப்ப உள்ள போயி, அந்தப் பையனுக்கும் சேத்து ஒரு சொம்பு வாரர் கொண்டா.