ஓர் இன்ச்சுக்குள் எத்தனை லூப்

என் கைக்கு வந்த முதல் லென்ஸ் கேமராவுடையது அல்ல. அப்பாவின் சட்டைப் பையில் எந்நேரமும் கிடந்த பிக் கிளாஸ். பித்தளையில் மூன்றாக மடங்கும். விரித்துத் துணிமேல் வைத்தால் கீழ்த்தட்டில் ஓர் இன்ச் சதுரத்தில் ஒரு சன்னல், மேல்தட்டில் சின்னதாக ஒரு பூதக்கண்ணாடி. அப்பா நிட்டிங் மாஸ்டர். வட்ட இயந்திரத்திலிருந்து துணி இறங்கியதும் அதை விரித்து, குனிந்து, ஊசி முனையால் ஒவ்வொரு வரிசையாகத் தள்ளித் தள்ளி எண்ணுவார்.

"எண்ணு சாமி. ஓரத்துல ஆரம்பிக்காத, துணி இழுத்திருக்கும். நடுவுல எண்ணோணும்."

நான் எண்ணுவேன். 24 கேஜ் மெஷின் என்றால் இன்ச்சுக்கு 24 ஊசி. ஆனால் துணி மெஷினை விட்டு இறங்கிச் சாயப்பட்டறை போய், சுருங்கி, காம்பாக்டிங் முடிந்து வந்தால் அதே இன்ச்சுக்குள் முப்பதுக்கு மேல் லூப் வரிசை இருக்கும். பத்து வயதில் கற்ற இந்தக் கணக்குதான் நாற்பதைத் தாண்டிய பிறகு என் தொழிலைக் காப்பாற்றியது.

1995-இல் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம், அவற்றோடு பனியன் கம்பெனிகளின் சாம்பிள் படம். ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ கூரியரில் பீஸ் போகும் முன்னால் படம் போக வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பென்டாக்ஸ் கே1000, அதன் உடன்பிறப்பாக வந்த 50 எம்எம் எஃப் 2 லென்ஸ். அவ்வளவுதான். 1976-இல் தொடங்கி 1997 வரை பெரிதாக மாறாமல் தயாரான கேமரா அது. உள்ளே ஒரு முள் ஆடும்; முள் நடுவில் நின்றால் வெளிச்சம் சரி.

ஒரே லென்ஸ் என்பதால் லென்ஸைப் பற்றிப் பேச்சே வராது. காலைப் பற்றித்தான் பேச்சு. 'ரெண்டடி பின்னால போ', 'ஸ்டூல்மேல ஏறு', 'பெஞ்ச நகர்த்து'. சட்டையைத் தரையில் விரித்து மேலிருந்து எடுக்க வேண்டுமென்றால் ஏணி. 90 சென்டிமீட்டர் நீளத் துணி பிரேமில் அடங்க, 50 எம்எம் லென்ஸ் துணிக்கு நேர்மேலே ஏறத்தாழ 1.3 மீட்டரில் நிற்க வேண்டும். இதை யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. ஏணியின் நாலாவது படி என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை நண்பர் ஒருவர் 28 எம்எம் லென்ஸ் கொடுத்தார். அறை சின்னது, இது வசதியாக இருக்கும் என்று ஆசைப்பட்டு, பெரிய பையன் ஒருவனுக்கு டீ-ஷர்ட் மாட்டி எடுத்தேன். முழு உருவமும் அடங்கியது. ஆனால் கேமராவின் பக்கம் இருந்த கை மட்டும் நீண்டு, ஸ்லீவ் முழங்கையைத் தொடுவதுபோல் வந்தது. கம்பெனியிலிருந்து ஸ்பெக் ஷீட்டோடு ஆள் வந்துவிட்டார். ஸ்லீவ் எட்டு இன்ச் என்று எழுதியிருக்கிறது, படத்தில் பத்து தெரிகிறதே என்றார். அகல லென்ஸ் கையை நீட்டுவதில்லை. அகலமாக இருப்பதால் நாம் கிட்டே போய்விடுகிறோம்; கிட்டே போனதுதான் கையை நீட்டியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

நிறம்தான் அந்தக் காலத்துப் பெரிய துயரம். கருநீல போலோ சட்டையைப் படம் முழுக்க நிரப்பி எடுத்து லேபில் பிரிண்ட் போட்டுக் கம்பெனி முதலாளியிடம் கொண்டுபோனேன். ஜன்னலோரம் போய்த் துணியையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏந்தம்பி, நாஞ் சாயம் போட்டது கருநீலம். நீ எடுத்துட்டு வந்திருக்கறது கத்திரிப்பூ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. லென்ஸில் கோளாறு என்றே நினைத்தேன். பிறகுதான் லேபில் இருந்த அண்ணன் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்: பிரிண்டர் இயந்திரம் எந்தப் படத்தையும் சராசரியில் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், படம் முழுக்க ஒரே நிறம் இருந்தால் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு எதிர்நிறத்தைக் கூட்டிவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டைக்குப் பக்கத்திலும் சாம்பல் அட்டை ஒன்றை வைத்தே எடுத்தேன். இன்றும் வைக்கிறேன்.

மிரர்லெஸ் கேமரா நான் வாங்கியது 2016-இல். 2008-இல் பானசோனிக் ஜி1 என்று ஒன்று வந்ததும், 2013-இல் சோனி ஏ7 ஃபுல்ஃப்ரேம் சென்சாரோடு வந்ததும் தூரத்துச் செய்திகளாகவே இருந்தன. நிக்கானும் கேனனும் 2018-இல் தங்கள் ஃபுல்ஃப்ரேம் மிரர்லெஸ்களைக் கொண்டுவந்த பிறகுதான் திருப்பூர்க் கல்யாண மண்டபங்களில் பழைய கேமராவின் 'சடக்' சத்தம் குறையத் தொடங்கியது. எனக்கு முதலில் வியப்பாக இருந்தது வ்யூஃபைண்டர். வெளிச்சத்தைக் கூட்டினால் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது, படம் எடுக்கும் முன்பே. முள்ளை நம்பி, பிலிம் கழுவும்வரை வயிற்றில் நெருப்போடு இருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆனால் அந்தத் திரையைக் காட்டி யாரிடமும் ஷேடு அப்ரூவல் வாங்கக் கூடாது. அதற்கு டி65 விளக்குப் பெட்டி இருக்கிறது, லேப் டிப் என்ற சாயமிட்ட மாதிரித் துண்டு இருக்கிறது. படம் துணிக்குச் சாட்சியே தவிர, துணி ஆகாது.

லென்ஸ் வாங்கும்போது நான் செய்த பெரிய தவறு, அறையை அளக்காமல் வாங்கியது. எல்லோரும் ஆளைப் படமெடுக்க 85 எம்எம்தான் என்றார்கள். அழகான லென்ஸ். மூன்று மாத வருமானத்தைக் கொடுத்து வாங்கி வந்து, மாடலை நிறுத்திப் பின்னால் போனேன். முதுகு சுவரில் இடித்தது. கால் பாதி அறுந்தே நின்றது. தலையிலும் காலிலும் கொஞ்சம் இடம்விட்டு இரண்டு மீட்டர் உயரம் பிரேமில் அடங்க வேண்டுமானால், கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஃபுல்ஃப்ரேமில் 85 எம்எம் ஏறத்தாழ 4.8 மீட்டர் கேட்கும். அதாவது பதினாறு அடி. மாடலுக்குப் பின்னால் நிழல் விழாமலிருக்க நாலடி, எனக்கு நிற்க மூன்றடி. என் அறை பதினெட்டு அடி. அதே உருவத்துக்கு 50 எம்எம் ஒன்பதரை அடியில் முடிந்துவிடுகிறது. கடையில் லென்ஸைப் பார்க்கும் முன் வீட்டில் டேப்பை எடுங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். 85 வீண் போகவில்லை. இடுப்புவரை எடுக்க எட்டடி போதும், அதற்கு அதைவிட நல்ல லென்ஸ் என்னிடம் இல்லை.

இனி, கணக்கு கைகொடுத்த கதை.

கோடைக்கால ஆர்டர் ஒன்று. ஏறக்குறைய 140 பீஸ், எல்லாம் முழு உருவப் படம். இரண்டு நாள் இரவு பகலாக எடுத்தோம். கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினால் சாம்பல் நிறச் சட்டைகளின் மார்பில் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோலப் பச்சையும் சிவப்பும் அலையலையாக ஓடுகின்றன. துணியில் இல்லாத நிறம். மெர்ச்சண்டைசர் பெண் போனில், "ஏனுங்ணா, துணி பேரி அடிச்சிருக்குதுங்களா?" என்று பதறினார். பேரி என்பது நிட்டிங்கிலோ சாயத்திலோ வரும் குறுக்குப் பட்டை. அது இருந்தால் சரக்கே திரும்பும். துணியில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என் படத்தில்.

மாய்ரே என்பது அதன் பெயர். பிலிமில் நான் அதைக் கண்டதில்லை, ஏனென்றால் பிலிமின் துகள்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். சென்சாரின் புள்ளிகள் தறியில் பாவு போட்டதுபோல வரிசையாக நிற்பவை. துணியிலும் வரிசை. இரண்டு வரிசைகள் ஒன்றோடொன்று கிட்டத்தட்டப் பொருந்தி, முழுதாகப் பொருந்தாமல் நிற்கும்போது மூன்றாவதாக ஓர் அலை பிறக்கிறது. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அசைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அன்றிரவு அப்பாவின் பிக் கிளாஸை எடுத்தேன். அவர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. துணியின் நடுவில் வைத்து எண்ணினேன்: சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு வரிசை. என் கேமரா 24 மெகாபிக்சல். நீளவாட்டில் 6000 புள்ளி. இரண்டு மீட்டர் உயரத்தை அதில் அடக்கினால் சென்டிமீட்டருக்கு 30 புள்ளி. ஒரு லூப் வரிசைக்கு இரண்டரைப் புள்ளி. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே வாங்கும். சிவப்புக்கான புள்ளி ஒன்றுவிட்டு ஒன்றுதான் வரும். ஆகவே ஒரு லூப் நாலு புள்ளிக்குக் கீழே சுருங்கினால் நிறம் தடுமாறும். இடுப்புவரை மட்டும், ஒரு மீட்டர் உயரம் எடுத்தால் லூப்புக்கு ஐந்து புள்ளி கிடைக்கிறது, அலை அடங்குகிறது. லென்ஸ் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கூர்மையாக இந்த அலையும் தெரியும். சுமாரான லென்ஸில் வராதது நல்ல லென்ஸில் வந்தது அதனால்தான்.

மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தோம். முழு உருவத்துக்கு எஃப் 16 வரை அடைத்தேன். அவ்வளவு சின்ன துவாரத்தில் ஒளி சிதறி, நுணுக்கம் கொஞ்சம் மழுங்கி, அலை மங்கிவிடுகிறது. பீஸைக் காட்டும் படங்களுக்குக் கிட்டே போனேன். இரண்டு நாள் கூலி போயிற்று. சரக்கு திரும்பவில்லை.

நிட்டிங் ஹாலுக்குள் படம் எடுக்கப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அங்கே காற்றில் பஞ்சு பறக்கும். பழைய கேமராவில் லென்ஸைக் கழற்றினால் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்து நிற்கும். மிரர்லெஸ்ஸில் பெரும்பாலும் சென்சார் அப்படியே வெளியே பார்க்கும். 2018-இல் வந்த கேனன் இஓஎஸ் ஆர் போன்ற சிலவே அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். நான் ஹாலுக்குள் லென்ஸ் மாற்றுவதில்லை. 35 எம்எம் ஒன்றை வெளியிலேயே மாட்டிக்கொண்டு போய், அதோடு வேலையை முடித்துத் திரும்புகிறேன். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரும் அங்கே வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் நொடிக்கு நூறு முறை துடிக்கும், படத்தில் குறுக்குப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டரை 1/100-இல் வைத்தால் எல்லாப் படத்திலும் வெளிச்சம் ஒன்றுபோல் விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் ஊத்துக்குளி ரோட்டில் நஞ்சராயன் குளத்துக்கு 200-600 எம்எம் லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 2022-இல் பறவைகள் சரணாலயமாகி 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த குளம் அது. நானும் போவேன், பெரும்பாலும் வெறுங்கையோடு.

சமீபத்தில் வாங்கியதில் என் மனதுக்கு நெருக்கமானது மேக்ரோ லென்ஸ். ஊசிக்கோடு, லூப் விட்டது, எண்ணெய் நூல் என்று செக்கிங்கில் பிடித்த பழுதுகளைப் படமெடுத்து நூல்காரருக்கும் நிட்டிங்காரருக்கும் அனுப்பக் கம்பெனிகள் கேட்கின்றன. ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுத்தால் ஃபுல்ஃப்ரேமில் அடங்குவது 36க்கு 24 மில்லிமீட்டர் துணி. முதல் படத்தைத் திரையில் திறந்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை. 24 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட ஓர் இன்ச். அப்பா குனிந்து பார்த்த அதே சன்னல்.

பழைய 50 எம்எம்மும் இருக்கிறது. பென்டாக்ஸின் லென்ஸ் வாய் பிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். நடுவில் கண்ணாடி ஆட இடம் வேண்டுமே. என் சோனி மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லாததால் 18 மில்லிமீட்டர்தான். மிச்சம் 27.46 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வளையம் போட்டால் லென்ஸ் தன் பழைய தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே கண்ணாடிச் சில்லோ மோட்டாரோ எதுவுமில்லாத வெறும் வளையம். கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு லூப்பின் முனையில்கூட நிறுத்தலாம். அதன் நிறம் புது லென்ஸைவிடக் கொஞ்சம் மஞ்சளாக வருவதால் ஒரே கேட்டலாக்கில் இரண்டையும் கலப்பதில்லை.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் பெண், "அண்ணா, 135 ஒண்ணு வாங்கிக்கலாமுங்களா? எல்லாரும் வெச்சிருக்காங்க" என்று கேட்டாள். மேசையில் புதுசாக வந்த ரிப் துணி கிடந்தது. நான் பிக் கிளாஸை விரித்து அவளிடம் கொடுத்தேன்.

"எங்கிருந்துங்ணா எண்ணோணும்?"

"நடுவுல இருந்து அம்மிணி."

ஊசி முனையால் தள்ளித் தள்ளி எண்ணினாள். இரண்டு முறை தவறி மறுபடி ஆரம்பித்தாள். போனில் கணக்குப் போட்டாள், டேப்பை எடுத்து அறையை அளந்தாள். பிறகு மார்க்கிங் சாக் எடுத்து, தரையில் நான் போட்டிருந்த கோட்டுக்கு இரண்டடி முன்னால் ஒரு புதுக் கோடு போட்டுவிட்டு, அங்கே போய் 50 எம்எம்மோடு நின்றாள்.