இன்னும் ரெண்டு கிளிக்

திருவனந்தபுரம் கரமனைப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் வோக்ஸ்வாகன் போலோவின் பின்சீட்டு கிடந்தால், அங்கே ஒரு சஸ்பென்ஷன் சேட்டன் குடியிருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சீட்டில் பாட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். தலை சாய்த்துக்கொள்ள ஹெட்ரெஸ்ட் உண்டு. பத்மநாபசாமி கோயிலுக்குப் போக மட்டும் ஆட்டோ.

சேட்டனுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது, டெக்னோபார்க்கில் வேலை. ஆர்.சி.யில் வண்டி ஹாட்ச்பேக், அவர் வாயில் ஸ்போர்ட்ஸ் கார். 1,100 கிலோ சொச்சத்தை ஆயிரமாக்குவதுதான் முதல் லட்சியம். பின்சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு, ஸ்பீக்கர் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் எடையைக் குறைத்தே பந்தயங்களை ஜெயித்தார் என்பார். சாப்மனின் டிரைவர்கள் ராத்திரி பதினொன்றுக்குத் தட்டுக்கடையில் பரோட்டா சாப்பிட்டார்களா என்று நாம் கேட்கக் கூடாது. கழற்ற முடிந்த நூறு கிலோ போய்விட்டது; கழற்ற முடியாத எண்பத்தைந்து கிலோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எடை போனதும் புது வில்லங்கம். ஸ்ப்ரிங் பழைய பாரத்துக்குச் செய்தது. பாரம் இல்லையென்றதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. பத்து சதவீதம் எடை குறைந்தால் துள்ளும் வேகம் ஐந்து சதவீதம் கூடும். இது சும்மா கணக்கு. மருந்து, காயில்ஓவர். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்ப்ரிங். ஷாக்கின் உடம்பில் மரை. மரையில் ஒரு வளையம். சி-ஸ்பேனரால் வளையத்தைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். மேலே ஒரு குமிழ். அதைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று ஷாக் இறுகும், தளரும். போலோவில் பின்னால் ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனி என்பதால், கறாராகப் பார்த்தால் முன்னால் மட்டும்தான் காயில்ஓவர். இதைச் சொன்னவர்களோடு சேட்டனுக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரை வொர்க்‌ஷாப்பில் பார்க்க வேண்டும். நாலு டயருக்கும் கீழே நாலு எலெக்ட்ரானிக் தராசு. டிரைவர் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் எடைதான் செல்லும். ஆனால் ஸ்பேனரைத் திருகுகிறவரே டிரைவர். ஆகவே சாலைக் கம்போளத்தில் வாங்கிய ஐம்பது கிலோ மட்டரிசி மூட்டையும், இருபது லிட்டர் தண்ணீர் கேனும் டிரைவர் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். மொத்தம் எழுபது கிலோ. அது சேட்டன் தன் எடை என்று தானே சொன்ன கணக்கு.

வலது முன்மூலையை ஒரு சுற்று உயர்த்தினால் அங்கேயும், அதற்குக் குறுக்கே இடது பின்மூலையிலும் பாரம் ஏறும். மற்ற இரண்டிலும் இறங்கும். குறுக்குக்குக் குறுக்கு பாதிப் பாதி வர வேண்டும்.

“ஆசானே, 49.6.”

“மதி சாரே. வண்டிய எறக்கட்டா?”

“இருங்க ஆசானே, இன்னும் ரெண்டு கிளிக்.”

நிற்கிற வண்டியின் பாரத்துக்கும் கிளிக்குக்கும் சம்பந்தமே கிடையாது. மெக்கானிக் ஆசானுக்கு அது தெரியும். கூலி மணிக்கணக்கில் என்பதால் வாயைத் திறக்க மாட்டார்.

இத்தனையும் எதற்கு? பந்தயத் தடம் வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்குப் போய் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பது பொன்முடி மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன் கிளம்புவார். மலைக்கு முன்னால் நெடுமங்காடு வருகிறது, நெடுமங்காட்டுக்கு முன்னால் ஹம்ப் வருகிறது. இந்திய சாலைக் காங்கிரஸின் 1988 விதிப்படி வேகத்தடை என்பது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊர்களில் உயரத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டு அகலத்தை விட்டுவிடுவார்கள். சேட்டன் முதலில் வண்டியைத் தரைக்கு மேல் 11 செ.மீ.க்கு இறக்கியிருந்தார். கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பின்னால் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஹாரனிலேயே வைது தீர்க்கும். ‘கர்ர்ரக்.’ இறங்கிக் குனிந்து பார்ப்பார். “செட்டிங் சரியில்ல” என்று யூ டர்ன் போடுவார். முதல் கொண்டை ஊசியை அந்த வண்டி இன்னும் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, இப்போது கம்பெனி கொடுத்த உயரத்துக்கு அரை சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. தன் ஆராய்ச்சியில் கிடைத்த உயரம் என்பார்.

சட்டமும் அவருக்கு மனப்பாடம். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதையே சொன்ன தீர்ப்பு. 182ஏ-யின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் ரெண்டும். மோட்டார் வாகன இலாகாவின் வெள்ளை வண்டி தெரிந்தால் போதும், சேட்டன் பரம சாது. பின்சீட்டு எங்கே என்று ஒரு முறை கேட்டார்கள். “தையல்காரர்கிட்ட இருக்கு சாரே.” அவர்கள் எட்டிப் பார்த்தது சீட்டை மட்டும்தான், குனிந்து பார்த்திருந்தால் கதை வேறு.

திருவனந்தபுரம் வந்தால், “ஒரு டிரையல் போலாமா?” என்று உங்களையும் கூப்பிடுவார். தாராளமாகப் போங்கள், நல்ல மனுஷன், டீ வாங்கித் தருவார். ஏறுமுன் உங்கள் எடையைக் கேட்பார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பதினைந்து கிலோ பொய்யை அந்த ஸ்ப்ரிங் ஏற்கெனவே சுமக்கிறது.