இன்னொரு சட்டி

எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியில் கல்யாண விருந்து என்றால் அடுப்படி இரண்டாக இருக்கும். முஸ்லிம் அறுத்த இறைச்சியைக் கிறிஸ்தவர் தொடமாட்டார். கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம் தொடமாட்டார். இதில் இரண்டு தரப்புமே கண்டிப்பானவர்கள். ஆனால் வொல்லோவில் இரண்டு மதத்தாரும் தெருவுக்குத் தெரு கலந்து வாழ்கிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு மதமும் இருப்பதுண்டு. அதனால் விருந்து வைக்கிறவர் கிறிஸ்தவர் என்றால், முஸ்லிம் விருந்தாளிகளுக்கென்று தனி ஆடு விட்டு, அவர்கள் ஆட்களே அறுத்துச் சமைக்க இடமும் ஒதுக்கிவிடுவார். குழம்பு வேறு வேறு, பந்தல் ஒன்று.

1970களின் தொடக்கத்தில் அந்த மாகாணத்தின் தலைநகரான டெஸ்ஸியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அடிஸ் அபாபாவிலிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீட்டர். மலைமேல் ஊர், நல்ல குளிர். எத்தியோப்பியாவில் ஏழாம் வகுப்பிலிருந்து பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. உள்ளூரில் போதுமான ஆசிரியர்கள் இல்லாததால் இந்தியர்களை நிறைய எடுத்தார்கள். நானும் புதுசாகக் கல்யாணமான என் மனைவியும் அப்படித்தான் போனோம். இருவரும் சைவம். "சோறு கிடைக்காத தேசத்துக்குப் போறீங்களே" என்று மாமியார் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அப்பளம், வற்றல், பொடி வகைகளை அடைத்துக் கொடுத்திருந்தார்.

குடிபோன அன்று வீட்டுக்கார அம்மாள் கேட்ட முதல் கேள்வி, நாங்கள் எந்த இறைச்சி சாப்பிடுவோம், கிறிஸ்தவர் அறுத்ததா முஸ்லிம் அறுத்ததா என்பது. இரண்டும் இல்லை என்றதும் அவர் முகத்தில் திகைப்பே இல்லை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரான அவருக்கு புதனும் வெள்ளியும் விரத நாட்கள். ஈஸ்டருக்கு முன் 55 நாட்கள் பெரிய விரதம். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. விரதச் சமையலுக்கென்று அவர் வீட்டில் தனிச் சட்டிகளே இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து எங்களுக்கென்று ஒதுக்கினார். "காஷே, இனிமே இது உங்க சட்டி. இதுல வேற எதுவும் வேகாது" என்றார். வயதில் மூத்தவர் அவர்தான். ஆனாலும் வாத்தியார் என்பதால் மரியாதையாக என்னைக் காஷே என்றார். நான் அவரை எத்தியே என்றேன்.

அந்தச் சட்டியில் கடலைமாவில் செய்த ஷிரோ, சிவப்புப் பருப்புக் குழம்பு, கீரை என்று மாறி மாறி வெந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இஞ்செரா. டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவைத்து, பெரிய மண் கல்லில் சுழற்றி ஊற்றி, மூடிபோட்டு ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவார்கள். மேல்பக்கம் முழுக்க கண் கண்ணாக இருக்கும். நம் ஊர்ப் புளித்த தோசை அகன்று மெத்தென்று ஆனது போல. கூடைமேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே இஞ்செராவில் எல்லோரும் பிய்த்துச் சாப்பிட வேண்டும். நடுவில் எத்தியே ஒரு பெரிய கவளத்தை உருட்டி என் மனைவியின் வாயில் ஊட்டினார். குர்ஷா என்ற அந்த உபசாரம் பிரியமானவர்களுக்குத்தான் கிடைக்கும். எச்சில், பத்து என்று ஆயிரம் கட்டுப்பாடுகளோடு வளர்ந்தவள் என் மனைவி. அவள் தயங்கவே இல்லை. வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கவளம் உருட்டி அவருக்கு ஊட்டினாள். அவள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டான நாட்களில் அது ஒன்று.

ஒரு பொங்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. நெய்யும் பாலும் சேர்த்த பொங்கலை எத்தியே அன்று தொட முடியாது. என் மனைவி எங்களுக்கு ஒரு பானை வைத்துவிட்டு, பாலில்லாமல், விரதச் சமையலுக்கான நூக் விதை எண்ணெயில் முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை வறுத்துப்போட்டு இன்னொரு பானையில் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்தாள். சாயங்காலம் எத்தியே காப்பி வறுத்தார். பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி, சாம்பிராணிப் புகைக்கு நடுவே மூன்று சுற்று ஊற்றுவது அங்கே வழக்கம். மூன்றாவது சுற்று முடியாமல் எழுந்திருக்கக் கூடாது. தெருவில் போன இரண்டு முஸ்லிம் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். எல்லோரும் எண்ணெய்ப் பொங்கல்தான் சாப்பிட்டோம்.

பிறகு 1973. வொல்லோவில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. கிராமங்களிலிருந்து மனிதர்கள் நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வந்து டெஸ்ஸியில் விழுந்தார்கள். அரசாங்கம் வாய் திறக்கவில்லை. அந்த அக்டோபரில் செய்தியாளர் ஜோனதன் டிம்பிள்பி எடுத்த படம் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. பொருளாதார அறிஞர் அமர்த்யா சென் பிற்பாடு இந்தப் பஞ்சத்தை ஆராய்ந்து எழுதினார்: டெஸ்ஸி சந்தையில் தானிய விலை பெரிதாக ஏறவில்லை, வொல்லோவிலிருந்து தானியம் வெளியேகூடப் போயிருக்கிறது, விளைச்சலை இழந்தவர்களிடம் வாங்கக் காசில்லை. அது முழு உண்மை. சந்தையில் மூட்டைகள் இருந்தன, அவற்றைத் தாண்டித்தான் பசித்தவர்கள் நடந்தார்கள். என் மாணவர்கள் சட்டைப்பையில் மத்தியானத்துக்கு வைத்திருந்த வறுத்த வாற்கோதுமையைச் சாலையில் கொட்டிக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்தார்கள். எத்தியே வாசலுக்கென்று ஒரு சட்டி வைத்தார். விரத எண்ணெயில் மட்டுமே சமைத்தார். வருகிறவர் எந்த மதமானாலும் சாப்பிடலாம் அல்லவா! என் மனைவி கடைசி சாம்பார்ப் பொடியை அதில்தான் போட்டாள். மாமியாரின் டிரங்குப் பெட்டி அந்த வாசலில் காலியானது.

1974 செப்டம்பர் 12 அன்று பேரரசர் ஹைலி செலாசி பதவியிறக்கப்பட்டார். சில காலம் கழித்து நாங்கள் திரும்பினோம்.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. எத்தியோப்பியப் பிள்ளைகள் தமிழ்நாட்டுக்குப் படிக்க வருகிறார்கள். சென்னையில் எங்கள் பக்கத்திலேயே முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். ஏழெட்டு வீட்டுக்காரர்கள் அவனுக்கு வீடில்லை என்றிருக்கிறார்கள். வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கிய வீட்டிலும் அதே பதில். வெளிப்படையாகச் சொன்ன காரணம் அசைவம். அவன் நிறத்தைப் பற்றிய காரணத்தைத் தரகர் தனியாகச் சொன்னார். எனக்கு உடம்பு கொதித்தது. வாரத்தில் இரண்டு நாளும் பெரிய விரதத்தில் 55 நாளும் பால்கூடத் தொடாத பையன் அவன். நம்மில் எத்தனை சைவர்கள் அதைச் செய்வோம்? இந்த நகரம் காலையில் எழுந்ததும் குடிக்கும் காப்பியின் பூர்வீகம் அவன் நாட்டு மலைக்காடு. டாக்டர் சொன்னாரென்று நாம் களி கிண்டும் கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வந்ததுதான். அந்த விருந்தாளிகளுக்கு நாம் இடம் கொடுத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறான். டெஃப் இங்கே எளிதில் கிடைக்காததால் கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து என் மனைவியும் அவனும் இஞ்செரா ஊற்றிப் பார்க்கிறார்கள். எத்தியோப்பியாவிலேயே கேழ்வரகு இஞ்செரா உண்டென்று அவன் சொல்கிறான். முதுகு வலிக்கும் வயதில் அவள் அவனுக்கு ஊட்டிவிடுவதைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 11 அவர்கள் புத்தாண்டு. அன்று எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சாப்பாடு போடச் சங்கத்திடம் அனுமதி கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். சைவச் சமையல்தான், எல்லா வீட்டுக்கும் அழைப்பு போயிருக்கிறது. மூன்றாம் மாடியில் ஆறு மாதமாக ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் சொந்தக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டை அவனுக்குக் கொடுங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கேட்கப் போகிறேன். முன்பணம் என் பொறுப்பு.